இடது பக்க சீட்டு

வண்டி குடோனிலிருந்து கிளம்பிவிட்டது, இதோ வந்துகொண்டே இருக்கிறது என்று ஷோரூம் பெண் மௌனிகா மறுபடியும் வந்து சொல்லிவிட்டுப் போனாள். இந்தப் பெண்ணுக்கு யார்தான் மௌனிகா என்று பேர் வைத்தார்களோ, வாய் மூடி ஒரு நிமிஷம் இருந்து பூங்கோதை பார்த்ததில்லை. கார் புக் செய்த நாளிலிருந்து போனில் பேசிப் பேசியே சொந்தக்காரப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். மேடம் உங்க வண்டி கம்பெனிய விட்டு வெளிய வந்துருச்சுங்க, மேடம் ட்ரெய்லர்ல ஏத்திட்டாங்களாம், மேடம் கிருஷ்ணகிரி தாண்டிருச்சாமுங்க என்று, புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய பெண்ணைப் பற்றி வழிநெடுகத் தகவல் சொல்வது மாதிரி. இப்போது அந்தப் புதுப்பெண் ஊருக்குள்ளேயே வந்துவிட்டாள், இந்த ஈரோட்டில்தான் ஏதோ ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருக்கிறாள். நினைக்க நினைக்க பூங்கோதைக்கு, மாவட்டப் போட்டியில் தன் பிள்ளைகள் கோ-கோ ஆட வரிசையாகக் குந்தும்போது வருமே, அதே பரபரப்பு. விளையாட்டு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பரபரப்பு வந்தால் கை தானாகக் கழுத்தில் விசிலைத் தேடுகிறது. விசில் இல்லை, இன்றைக்கென்று போட்டுக்கொண்ட பவழ மாலைதான் அகப்பட்டது. ஷோரூம் சோபாவோ உட்கார்ந்தவரை விழுங்கப் பார்க்கிற சோபா, முழங்கால் மூக்குக்கு வருகிறது, இதிலிருந்து அழகாக எழுந்திருக்க எந்த உடற்பயிற்சியும் உதவாது. பக்கத்தில் அவர், சென்னியப்பன், சோபா இழுத்த இழுப்புக்கு இணங்காமல் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஓடும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லலாமா, கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "பவானி வண்டி ஒண்ணு போவுது. கிளட்ச் பிளேட்டு தேஞ்சுபோச்சு" என்றார், யாருக்கும் சொல்லாத மாதிரி. எதிரே பஸ் ஸ்டாப். அதுதான் பூங்கோதைக்கு இந்த ஷோரூமில் பிடிக்காத ஒரே விஷயம். எதிரிலேயே பஸ் ஸ்டாப் இருக்கிறது, அரை மணிக்கொரு தரம் தங்கள் ஊருக்குப் போகிற பவானி பஸ் வந்து நிற்கிறது.

காலையில் வேட்டி சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றவரிடம், வர்றப்ப நம்ம வண்டியிலயே வந்துரலாமுங்க என்று எத்தனை சாதாரணமாகச் சொல்ல முடியுமோ அத்தனை சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தாள். "போறப்ப பஸ்ல போயிக்கலாம், வர்றப்ப பாத்துக்கலாம்" என்றார். பாத்துக்கலாம். அந்த ஒரு வார்த்தையை அவள் ஈரோடு வரும்வரைக்கும் நாக்கில் புரட்டிக்கொண்டே வந்தாள், புளியங்கொட்டை மாதிரி அது கரையவும் இல்லை, துப்பவும் முடியவில்லை. பாத்துக்கலாம் என்றால் வருகிறேன் என்று அர்த்தமா, வரமாட்டேன் என்பதை மரியாதையாகச் சொன்னதா? மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் பாத்துக்கலாம் என்றார், கல்யாணம் நடந்தது. மாடியில் ஒரு ரூம் கட்டலாமா என்று கேட்டபோதும் பாத்துக்கலாம் என்றார், மொட்டை மாடி இன்னும் மொட்டையாகத்தான் இருக்கிறது. நீ ஓட்டிட்டு வா கோதை, நான் பஸ்ல வந்தர்றேன் என்று இந்த மௌனிகா முன்னால், கைதட்டக் காத்திருக்கும் இத்தனை பையன்கள் முன்னால் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டால்? தனியாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும், முன்னால் அவர் பஸ், பின்னால் அவள் காரில், பவானி வரைக்கும் ஊர்வலம் மாதிரி. நினைத்துப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பு நிலைக்கவில்லை. ஆனால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆயுசு முழுக்க ஸ்டியரிங் பிடித்த கை, கவர்மெண்ட் பஸ்ஸில் எத்தனை ஆயிரம் பேரைக் கொண்டுபோய் இறக்கிவிட்ட கை, அதை வெறுமனே மடியில் வைத்துக்கொண்டு இடது பக்கம் எப்படி உட்காரும்? அதிலும் வலது கண்ணில் ஒன்றுமே தெரியாது. தலைவலிதான் என்று நினைத்துக்கொண்டு காலத்தை ஓட்டி, அது கண்ணில் பிரஷர் என்று டாக்டர் கண்டுபிடிப்பதற்குள் வலது கண் முழுசாகப் போய், இடது கண்ணிலும் ஒரு குழாய் வழியே பார்ப்பது மாதிரி கொஞ்சூண்டுதான் மிச்சம். அதனால்தான் எங்கே உட்கார்ந்தாலும் பூங்கோதை அவருக்கு இடப்பக்கமாக உட்காருவாள், சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, கல்யாண மண்டபத்தில், இதோ இந்தச் சோபாவில்கூட. காரில் மட்டும் அது நடக்காது. ஓட்டுகிற சீட்டு வலப்பக்கம் இருக்கிறது. அவருடைய இருட்டுப் பக்கத்தில்தான் அவள் இருப்பாள், வழி முழுக்க அவருக்குத் தெரியவே மாட்டாள். உள்ளே இருக்கிற கண்ணாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தால்? வைக்கலாம், அப்புறம் பின்னால் வருகிற லாரியை யார் பார்ப்பது?

கண்ணாடி என்றதும் அந்தப் பழைய பஸ்ஸின் கண்ணாடி ஞாபகம் வந்தது, டிரைவர் தலைக்கு மேலே குறுக்காக, ஓரத்தில் ரசம் போன நீளக் கண்ணாடி. புதிதாக வேலை கிடைத்து அம்மாபேட்டைப் பள்ளிக்கூடத்துக்கு வலைப்பை நிறையப் பந்துகளோடு ஏறியவளிடம், இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணுமா வேண்டாமா என்று கண்டக்டர் மல்லுக்கு நின்றபோது, முன்னாலிருந்து ஒரு குரல், "விடப்பா, உள்ளாற காத்துதான இருக்குது, காத்துக்கெல்லாம் என்ன டிக்கெட்டு" என்றது. நிமிர்ந்து பார்த்தாள், கண்ணாடிக்குள் இரண்டு கண். முகம் தெரியவில்லை, கண் மட்டும், சிரிக்கிற கண். அதற்கப்புறம் எத்தனையோ மாசம் அவளுக்கு அந்த மனுஷன் என்றால் ஒரு பிடரியும் இரண்டு கண்ணும்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் அவருக்கு மீசை இருப்பதே தெரிந்தது, அவள் சிரித்துவிட்டதைப் பார்த்து அவள் அம்மா தொடையில் கிள்ளினாள். அந்தக் கண்தான். ஊரெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கண்ணைத்தானா வந்து பிடிக்க வேண்டும் வியாதி என்று கோயிலில் நின்று சண்டை போட்டிருக்கிறாள். அவர் சண்டை போடவில்லை. பஸ்ஸை விட்டு இறக்கி டெப்போவில் உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தார். பணி ஓய்வு கொடுத்தார்கள், மாலையோடு வீட்டுக்கு வந்தார். ஆனால் பஸ்ஸில் ஏறினால் முன்னால் காலியாகக் கிடந்தாலும் கடைசி சீட்டுக்குப் போய்விடுவார். ஏனுங்க என்று கேட்டதற்கு, "முன்னால உக்காந்தா காலு தானா பிரேக்க அமுக்குது புள்ள" என்றார். அவளுடைய மொபெட்டில் பின்னால் ஏற்றிப் பார்த்தாள். இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தார், ஒரே வாரத்தில் செருப்பு போயிற்று. அதற்கப்புறம் நடக்க ஆரம்பித்தார். கண் ஆஸ்பத்திரிக்கு, கடைக்கு, கூடுதுறைக் கோயிலுக்கு, எல்லாம் நடை. ஒருநாள் வேகத்தடையில் தடுக்கி விழுந்து உள்ளங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்து, குழாயடியில் யாருக்கும் தெரியாமல் கழுவிக்கொண்டு நின்றார். அதைச் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பூங்கோதை முடிவு செய்தாள்.

முடிவு செய்வது சுலபம், கிளட்சை விடுவதுதான் கஷ்டம். டிரைவிங் ஸ்கூல் ஜரீனா அவளுக்கு மகள் வயசு, ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் அப்படியே ஹெட்மாஸ்டர். "டீச்சரம்மா, கிளட்ச்சு கோழிக்குஞ்சு மாதிரி, பொத்துனாப்புல விடோணும், இப்புடி உதைக்கக் கூடாது." வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் ஓடு, இன்னும் வேகமாக ஓடு என்று கத்தியவளுக்கு மெதுவாக என்கிற வார்த்தை புதுசாக இருந்தது. முதல் டெஸ்ட்டில் எட்டு போடச் சொன்ன இடத்தில் பின்னால் வந்து கம்பத்தைச் சாய்த்துவிட்டாள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னபோது சென்னியப்பன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கம்பத்துக்கு அடி பலமா?" என்று கேட்டார். சிரித்து முடித்ததும், என்கூட ஒருநாள் ஜரீனா வண்டியில வாங்க, என்ன தப்புப் பண்றேன்னு சொல்லுங்க என்று கூப்பிட்டாள். "சொல்லிக் குடுக்கற ஆளு பக்கத்துல இருக்கறப்ப ரெண்டாவது ஆளு பேசக் கூடாது" என்று முடித்துவிட்டார். அதற்கப்புறம் அவள் லைசென்ஸ் வாங்கினாள், கார் பார்த்தாள், பெங்களூரில் இருக்கிற மகள் கியர் இல்லாத வண்டி வாங்கும்மா, சுலபம் என்றாள், பூங்கோதை வேண்டவே வேண்டாம் என்று கியர் வண்டிதான் சொன்னாள், பஸ் டிரைவர் பெண்டாட்டி கியர் இல்லாத வண்டி ஓட்டுவதா என்று. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை, அவளே அவருக்காக யோசித்துக்கொண்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், என்ன கலர் என்று. மஞ்சள் என்றாள். அவர் புருவத்தை ஏற்றிக்கொண்டு, "சின்னப் புள்ளையாட்டம்" என்றார்.

எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். மகள் போனில் அய்யோ என்றாள். பக்கத்து வீட்டு அம்மா, ஸ்கூல் வேன் ஓட்டப் போறீங்களா டீச்சர் என்றாள். மௌனிகாவே முதல்நாள், மேடம் வெள்ளைன்னா அடுத்த வாரமே வந்துருமுங்க, சில்வருன்னா ரெண்டு வாரம், இந்த மஞ்சள யாருமே கேக்கறதில்ல, தனியாச் சொல்லித்தான் வரவழைக்கோணும், மாசக்கணக்காவும் என்று கெஞ்சினாள். ஆகட்டும் என்றாள் பூங்கோதை. யாரிடமும் காரணம் சொல்லவில்லை. காரணம் ஒரு பிளாஸ்டிக் கப். பாத்ரூமில் பழைய நீலக் கப்பைத் தேடித் தேடி அவர் சுவரைத் தடவுவதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சந்தையில் மஞ்சளாக ஒன்று வாங்கிவந்து வைத்தாள், கை நேராக அதன்மேல் போயிற்று. அப்புறம் மஞ்சள் துண்டு, மஞ்சள் செருப்பு வார், மாத்திரை டப்பாவுக்கு மஞ்சள் மூடி. வீட்டுக்குள் ஏன் இப்படி மஞ்சள் பூக்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. வெள்ளைக் காரை வாசலில் நிறுத்தினால் வெள்ளைச் சுவரோடு சேர்ந்து அது அவருக்குக் காணாமலே போய்விடும். தன் வீட்டுக் கார் தன் கண்ணுக்குத் தெரியாமல் நின்றால் அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்? அதற்காக எத்தனை மாசம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்று காத்திருந்தாள். காத்திருந்ததும் நன்றாகத்தான் இருந்தது. நடு வாசலில் கார் நிற்கப்போகிற இடத்தைக் கூட்டிக் கோலத்தைத் தள்ளிப் போட்டுப் பழகினாள். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டியரிங்காக ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை என்று நம்பினாள்.

சோபா சட்டென்று ஒரு பக்கம் மேலே எழும்பியது. அவர் எழுந்துவிட்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு கண்ணாடிக் கதவுப் பக்கமாக நடந்தார். வெளியே பஸ் ஸ்டாப்பில் பவானி பஸ் வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. போச்சு, பாத்துக்கலாம் என்றால் இதுதான் அர்த்தம், இத்தனை நேரம் உட்கார்ந்ததே பெரிசு, சொல்லாமலேகூடப் போகிற மனுஷன்தான், சொன்னால் நான் அழுதுவிடுவேன் என்று நினைத்துப் போகிறாரோ. கூப்பிடலாமா? கூப்பிடக் கூடாது. கூப்பிட்டு வந்தால் அது வந்ததாக ஆகாது. இந்தப் பாழாய்ப்போன சோபாவிலிருந்து எழுந்திருக்கவும் முடியவில்லை. அவர் கதவருகே நின்றார், உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார், தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பினார், மிச்சமிருக்கிற அந்தக் கொஞ்சூண்டு பார்வையால் ரோட்டைக் கூட்டிப் பெருக்குவது மாதிரி. பஸ் விசில் அடித்துக் கிளம்பிப் போய்விட்டது. "கோதை, இங்க வா. மஞ்சளா ஒண்ணு வருது பாரு." எப்படி எழுந்தாள் என்று தெரியாது, எழுந்து ஓடினாள். பார்த்தாள். "ஏனுங்க, அது ஆட்டோங்க." "ஆட்டோவா?" "மேல மஞ்சக் கூரை போட்ட ஆட்டோ. ரெண்டு மூட்டை வெங்காயம் ஏத்திட்டுப் போறான்." அவர் கொஞ்சம் கூச்சப்பட்டவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார், பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார், அவளும் சிரித்தாள், மௌனிகா எதற்கென்றே தெரியாமல் ஓடிவந்து சேர்ந்து சிரித்தாள். கண்ணில் வந்த தண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் அவள் முழங்கையைப் பிடித்தார். "இது ஆட்டோ இல்ல." ஆட்டோ இல்லைதான். ரோட்டோரத்து லாரிக்கும் ஒரு தண்ணி வண்டிக்கும் நடுவிலிருந்து பளீரென்று, நல்ல கோழிமுட்டையை உடைத்து ஊற்றினால் தெரிகிற மஞ்சளாக, அது வளைந்து சாய்தளத்தில் ஏறி வந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை, தேடவில்லை. அது வந்து நிற்கும்வரை அவருடைய அந்த ஒற்றைக் கண் அதை விடாமல் பிடித்துக்கொண்டு வந்ததைப் பூங்கோதை பார்த்தாள். காரை அவள் அப்புறம்தான் பார்த்தாள். "எனக்குத் தெரியற மாதிரிதான் வாங்கியிருக்கற" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "சின்னப் புள்ளைன்னு சொன்னீங்கல்ல" என்றாள். "அதுவுந்தான்" என்றார்.

மாலை போட்டார்கள், பொட்டு வைத்தார்கள், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், அட்டையில் செய்த பெரிய சாவியை இரண்டு பேர் கையிலும் கொடுத்து மௌனிகா போட்டோ எடுத்தாள், சார் சிரிங்க சார், மேடம் நீங்க கொஞ்சம் சிரிக்காம இருங்க மேடம், போட்டோல வாய் மட்டும்தான் தெரியுது. அப்புறம் நிஜச் சாவி கைக்கு வந்தது. வேலை செய்கிற பையன்கள் கைதட்டினார்கள். பூங்கோதை ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடி சரிசெய்து, இன்னும் சரிசெய்ய ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள், ஏனென்றால் இடது பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது. கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை. அவர் காரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார், கையால் தடவிக்கொண்டே, பின்பக்கம், டிக்கி, விளக்கு, ஒவ்வொரு டயரையும் காலால் ஒரு தட்டு. இடது பக்க ஜன்னலுக்கு வந்து குனிந்தார். "பின்னால உக்காரட்டுமா, முன்னாலயா?" "உங்க இஷ்டமுங்க." "முன்னாலன்னா ஏதாச்சும் சொல்லீருவேன், உனக்குக் கோவம் வரும்." "வந்தா திட்டறேன்" என்றாள். அவர் கதவைத் திறந்து, தலையைத் தாழ்த்தி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, ஏதோ கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி இடது பக்க சீட்டில் வந்து உட்கார்ந்தார். பெல்ட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் தடவினார். அவள் குறுக்கே சாய்ந்து இழுத்து மாட்டிவிட்டாள்.

முதல் கியர். பொத்துனாப்புல, பொத்துனாப்புல. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, கார் நகர்ந்தது, ஒரே ஒரு குலுக்கல், நிற்கவில்லை, ரோட்டுக்கு வந்துவிட்டது. "ரெண்டு போடு" என்றார் உடனே. போட்டாள். அவருடைய வலது கால் அந்தப் பக்கத் தரையை ஓங்கி அமுக்குவதை ஓரக்கண்ணால் பார்த்தாள், நாய் குறுக்கே வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் பிரேக் போட்டார்கள், அவளுடையதில்தான் கார் நின்றது. "லாரிக்காரன ஒட்டிப் போவாத." "இல்லீங்க." "ஆரன் அடிக்காம தாண்டாத." "சரிங்க." சித்தோடு வருவதற்குள் பேச்சு குறைந்தது. அப்புறம் நின்றே போயிற்று. மூன்றாவது கியருக்கு மாற்றியபோது கார் கரகரவென்று கத்தியது, அதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. கோபமா? கணக்கில்லாத தப்பு செய்கிறேனோ, ஒவ்வொன்றாகச் சொல்லி மாளாது என்று விட்டுவிட்டாரா? திரும்பிப் பார்க்கலாம் என்றால் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கத் தைரியமில்லை, ஒரு பக்கம் டேங்கர் லாரி, ஒரு பக்கம் கரும்பு டிராக்டர். இந்தப் பக்கம் இருட்டு, நான் இருப்பதே தெரியாமல் தனியாகப் போகிற மாதிரி இருக்கிறதோ அவருக்கு? ஏனுங்க என்றாள். இன்னொரு தரம் ஏனுங்க என்றாள். அப்போதுதான் கேட்டது, மெல்லிசாக, தையல் மிஷின் எட்டத்தில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். புது வண்டியில் இது என்ன சத்தம், மௌனிகாவுக்குப் போன் போட வேண்டும் என்று நினைத்தவள், லட்சுமி நகர் சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தாள். சென்னியப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, தலை அவள் பக்கமாகச் சாய்ந்து, கை இரண்டும் மடியில் மல்லாந்து கிடக்க, கால் நீட்டி. அடுத்தவர் ஓட்டுகிற எதிலும் கண்ணை மூடாத மனுஷன் அவர். ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போனபோது விடிய விடிய ஜன்னலோரம் விழித்திருந்தார், என்ஜினில் இருக்கிறவன் தூங்கிவிட்டால் யார் பார்ப்பது என்று. மகள் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸில் போனபோதுகூட மகளைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து எவனோ ஹாரன் அடித்தான், பச்சை விழுந்துவிட்டது. பூங்கோதை கிளட்சை விட்டாள், அத்தனை மெதுவாக ஜரீனாகூட விட்டிருக்கமாட்டாள். கார் நகர்ந்தது அதற்கே தெரியாது. ஆற்றுப் பாலத்தில் ஏறினாள், காற்று உள்ளே வந்து அவர் நெற்றி முடியைக் கலைத்தது, ஜன்னலைப் பாதி ஏற்றிவிட்டாள். பவானி வந்தது. வீட்டுக்குத் திரும்புகிற தெருமுனை வந்தது, மருந்துக்கடைக்காரர் மஞ்சள் காரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பூங்கோதை அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள், இண்டிகேட்டரைப் போடவில்லை, திரும்பவில்லை, அந்தியூர் ரோட்டில் நேராகப் போய்க்கொண்டே இருந்தாள்.